வடக்கு ஸ்டாண்டின் சைரன்

அந்த நர்ஸுக்கு வாரத்தில் ஆறு நாள் குரலே கிடையாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் வார்டில் அவளுக்கு வேலை. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கும் இடம் அது. ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட பெரிய டாக்டர் முறைப்பார். வருஷக்கணக்காக அங்கே கிசுகிசுத்தே வேலை பார்த்ததில் வீட்டிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. காய்கறி வாங்கப் போய் விலை கேட்டால், ஏதோ ரகசியம் சொல்கிறாள் என்று நினைத்துக் கடைக்காரன் காதைக் கிட்டே கொண்டுவருவான். அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரிவதில்லை என்று மாடிக்குடித்தனக்காரர்கள் ஊரெல்லாம் மெச்சிக்கொள்வார்கள்.

சனிக்கிழமை மதியம் மட்டும் கதை வேறு. காலை ஷிப்ட் முடிந்ததும் சீருடைக்கு மேல் ஒரு பழைய கோட்டை மாட்டிக்கொண்டு, கோட்டுக்குள் பச்சை மஃப்ளரை ஒளித்துக்கொண்டு, நேரே கால்பந்து மைதானத்துக்குப் போவாள். தேசிய லீக்கின் இரண்டாம் பிரிவில் அந்த ஊர் கிளப் ஆடிக்கொண்டிருந்தது. ஆடியது என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்ல வேண்டும். பட்டியலின் அடியில் கிடந்து மூச்சுக்குத் திணறியது என்பதுதான் உண்மை. மைதானத்தில் இருக்கைகள் நிறைய, ஆட்கள் குறைவு. யாராவது பலமாகத் தும்மினால் கோல்கீப்பர் திரும்பிப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட இடத்தில், வடக்கு ஸ்டாண்டின் மேல்வரிசையில் நின்று நர்ஸ் வாயைத் திறந்தால் எதிர்ப்பக்கத்தில் டீ விற்கிறவனுக்குக் கை நடுங்கும். ஆறு நாள் அடக்கிவைத்தது முழுக்க அந்த ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்தாக வேண்டும் அல்லவா. அவள் யார், எங்கே வேலை பார்க்கிறாள் என்பதெல்லாம் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. சைரன் என்று சொன்னால் தெரியாதவர் கிடையாது.

ஒன்று சொல்ல வேண்டும், எதிரணி ஆட்டக்காரர்களை அவள் திட்டியதே இல்லை. அவர்கள் அடுத்த வீட்டுப் பிள்ளைகள், அவர்களைத் திட்ட நமக்கு என்ன உரிமை. திட்டு முழுக்கத் தன் கிளப் பிள்ளைகளுக்குத்தான்.

இந்த நிலையில்தான், பெரிய கிளப்புகளிலிருந்து இரவலாக வரும் இளம் ஆட்டக்காரர்களைத் தங்கவைத்துக்கொள்ளக் குடும்பங்கள் தேவை என்று கிளப் ஓர் அறிவிப்பு ஒட்டியது. நர்ஸின் மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு பின்னறை சும்மா கிடந்தது. சும்மா என்றும் சொல்ல முடியாது. அவள் கணவர், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர், அங்கே பழைய செய்தித்தாள்களை அடுக்கி ஒரு ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தார். அறிவிப்பைப் பார்த்த அன்றே ராஜ்ஜியம் பரணுக்கு ஏறியது. கிளப் ஆட்டக்காரன் ஒருத்தன் தன் வீட்டில் தூங்கி, தன் வீட்டுக் குழாயில் பல் தேய்க்கப்போகிறான் என்ற நினைப்பே அவளுக்குச் சாமி குடிவருகிற மாதிரி இருந்தது.

வீட்டைப் பார்வையிட, கிளப்பில் ஆட்டக்காரர் நலத்தைக் கவனிக்கும் அதிகாரி அம்மாள் ஒருவர் வந்தார். கட்டிலை அமுக்கிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், குளியலறைக் குழாயைத் திருகினார். பிறகு உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தார். முன்பு ஒரு பூகோள ஆசிரியர் வீட்டில் ஒரு பையனைத் தங்கவைத்தார்களாம். ஆசிரியர் தீவிர ரசிகர். தினமும் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் நகர்த்தி நகர்த்தி வியூகம் நடத்தியிருக்கிறார். பையனுக்கு உப்பு வேண்டுமென்றால், முதலில் இடது பக்கத் தடுப்பில் உள்ள ஓட்டையை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் விடியற்காலையில் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அதிலிருந்து ரசிகர் வீட்டுக்கு ஆள் கொடுப்பதில்லை என்று முடிவாம். வீட்டுக்குள் கால்பந்துப் பேச்சே கூடாது. மீறினால் பையனை அன்றே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

நர்ஸ் கண்ணை அகல விரித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "எனக்கு அந்த ஆட்டமே தெரியாதுங்க. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவாங்க?"

கணவருக்கு டீ புரையேறியது. அதிகாரி அம்மாள் பூரித்துப்போய்க் கிளம்பினார்.

அடுத்த வாரம் பையன் வந்து சேர்ந்தான். முதல் பிரிவில் ஆடுகிற பெரிய கிளப் ஒன்று, போய் நாலு கோல் அடித்துவிட்டு வா என்று இங்கே அனுப்பியிருந்த சென்டர் ஃபார்வர்டு. வளர்த்தி என்றால் அப்படி ஒரு வளர்த்தி. கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வரவே அவனுக்கு ஒரு வாரம் பழக வேண்டியிருந்தது. கட்டிலில் படுத்தால் கணுக்காலுக்குக் கீழே அந்தரத்தில் நிற்கும். நர்ஸ் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் தலையணை வைத்து, கட்டிலை நீட்டிக் கொடுத்தாள். வந்த அன்றே அவன் அவளை அக்கா என்றும், அவரை அங்கிள் என்றும் கூப்பிட ஆரம்பித்தான். ஐம்பதைத் தொடப்போகிற நர்ஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கணவருக்குத்தான் அது செரிக்கவில்லை. "நான் உனக்கு அங்கிள்னா, என் பொண்டாட்டி உனக்கு எப்படிப்பா அக்கா ஆவா? நான் என்ன என் பொண்ணு வயசுக்காரியையா கட்டிக்கிட்டேன்?" என்று கேட்டுப் பார்த்தார். பையன் சிரித்தானே தவிர மாற்றவில்லை.

நல்ல பிள்ளை. போட்டதைச் சாப்பிட்டான், தட்டைத் தானே கழுவினான். சாயங்காலம் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, இங்கே ஓர் அக்கா இருக்கிறார்கள், சத்தமாகப் பேசவே தெரியாது, அவ்வளவு சாது என்று சொல்வதை அடுக்களையிலிருந்து நர்ஸ் கேட்டாள். கேட்டு மனசு இளகிப்போனாள். மகள் போன பிறகு அந்த மேசையில் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து முள்கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த காலம் முடிந்தது என்று நினைத்தாள்.

பிறகு சனிக்கிழமை வந்தது.

சென்டர் ஃபார்வர்டின் பிழைப்பே கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான். பந்து முன்னாலிருந்து வரும், தடுக்கிறவன் பின்னாலிருந்து வருவான். பந்தை வாங்கி, ஆளை ஏமாற்றி, சட்டென்று திரும்பி அடிக்க வேண்டும். நம் பையன் பந்தை வாங்குவது வரை எல்லாம் ஒழுங்காகச் செய்வான். வாங்கியதும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். பின்னால் வருகிறவன் குழந்தை கையிலிருந்து பொம்மையைப் பிடுங்குவது போல நிதானமாக எடுத்துக்கொண்டு போவான். முதல் ஆட்டத்தில் அப்படி நாலைந்து தடவை நடந்தது. அப்புறம் ஒரு பந்து அவன் காலில் பட்டு வானத்துக்கு எழும்ப, அவன் நீண்ட கழுத்தை இன்னும் நீட்டி அண்ணாந்து பார்த்தான். வடக்கு ஸ்டாண்டில் நர்ஸின் வாய் தானாகத் திறந்தது.

"ஏய் ஒட்டகம், மேல என்னடா பாக்குற, பேரீச்சம்பழமா தொங்குது?"

ஸ்டாண்டே குலுங்கியது. அடுத்த இருக்கைக்காரர், ஒரு பல் டாக்டர், மேளம் ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறவர், உடனே அதற்குத் தாளம் போட்டார். இடைவேளைக்குள் ஒட்டகப் பாட்டு தயார். ஆட்டம் முடிவதற்குள் எதிரணி ரசிகர்களும் கற்றுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் பையன் மேசையில் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு, தான் ஒட்டகம் மாதிரியா இருக்கிறோம் என்று அக்காவிடம் கேட்டான். நர்ஸ் அந்தக் கழுத்தை ஒரு நொடி பார்த்தாள். சேச்சே, எந்தக் கண் இல்லாத ஜென்மம் அப்படிச் சொன்னது என்று கிசுகிசுத்துவிட்டு, அவன் தட்டில் இன்னும் இரண்டு முட்டை வைத்தாள். செய்தித்தாளுக்குப் பின்னால் கணவரின் தொப்பை குலுங்கியது.

இப்படியே போயிற்று. சனிக்கிழமை கிழித்துத் தொங்கவிடுவாள், மீதி நாளெல்லாம் தாங்குவாள். அவன் முழங்காலுக்கு ஒத்தடம், அவன் ஜெர்சிக்குத் தனி சோப்பு, அவன் கால்மாட்டு ஸ்டூலுக்கு மெத்தை உறை. சனிக்கிழமை மதியம் தனக்கு வார்டில் டியூட்டி என்று சொல்லிவைத்திருந்ததால் பையனுக்குச் சந்தேகமே வரவில்லை. மைதானத்திலிருந்து பார்த்தால் மேல்வரிசை ஒரு பச்சைத் தீற்றல், அவ்வளவுதான். அதுவும் போக, அந்தக் குரல் வந்த திசைப் பக்கம் அவன் பயந்துகொண்டு பார்க்கவே மாட்டான்.

கணவர் ஒரு நாள் கேட்டுவிட்டார். "சனிக்கிழமை அடிக்கிற, ஞாயித்துக்கிழமை மருந்து போடுற. உங்க ஆஸ்பத்திரி நடக்கிறதே இப்படித்தானா?"

அவன் நல்லதுக்குத்தான் கத்துகிறேன் என்றாள் அவள். அதுவும் பாதி உண்மைதான். அவள் திட்டில் எப்போதும் ஒரு தகவல் ஒட்டிக்கொண்டிருக்கும். வலப்பக்கம் வர்றான்டா தூங்குமூஞ்சி, இடப்பக்கம் ஆள் இல்ல திரும்புடா ஒட்டகம். ஜனங்கள் ஒட்டகத்துக்குச் சிரித்தார்கள், மீதியை யாரும் கவனிக்கவில்லை. பையன் கோல் அடிக்கவில்லை என்றாலும், பந்தைப் பறிகொடுப்பது குறைந்திருந்தது. ஒன்றிரண்டு தடவை திரும்பி, கம்பத்தில்கூட அடித்தான்.

ஆட்டப் பருவம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் அவன் அடுக்களைக்கு வந்து, பயிற்சி உடையோடு தரையில் உட்கார்ந்துகொண்டான். கால் இரண்டும் எதிர்ச் சுவர் வரை நீண்டன. நர்ஸ் சூப்புக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த சீசனோட நான் நிறுத்திக்கிறேன் அக்கா. எங்க மாமா டயர் கடை வச்சிருக்கார். வந்துடுன்னு சொல்லிட்டார்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். ஏன் என்று கேட்டாள்.

"அங்க ஒரு பொம்பளை இருக்கு அக்கா. எல்லாரும்தான் கத்துறாங்க, அது காத்தோட போயிடும். அந்தம்மா குரல் மட்டும் நேரா மண்டைக்குள்ள வந்து உக்காந்துக்குது. படுத்தாலும் கேக்குது. என்னைப் பெத்தவங்ககூட என்னை அவ்வளவு உன்னிப்பா பாத்ததில்ல. அந்தம்மாவே நான் ஒண்ணுக்கும் ஆக மாட்டேன்னு சொன்னா, அப்போ அது உண்மைதானே?"

தான் ஒரு பிள்ளையை அடித்துத் துரத்திக்கொண்டிருக்கிறோம், அதுவும் தன் கையால் சோறு போட்டுக்கொண்டே என்பது அப்போதுதான் நர்ஸுக்கு உறைத்தது. ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தெளிந்துவிடும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு அவன் தன்னை எந்த முகத்தோடு பார்ப்பான் என்று நினைத்ததும் மறுபடி கேரட்டை நறுக்க ஆரம்பித்தாள். இனிமேல் மைதானத்தில் வாயைத் திறப்பதில்லை என்று அந்த இடத்திலேயே சத்தியம் செய்துகொண்டாள்.

சனிக்கிழமை ஒரு பை நிறைய டாஃபி வாங்கிக்கொண்டு போனாள். வாய்க்கு இரண்டு வீதம் போட்டு மென்றாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஸ்டாண்டில் சலசலப்பு கிளம்பிவிட்டது. சைரனுக்கு என்ன ஆயிற்று என்று கீழ்வரிசைகளிலிருந்தெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பல் டாக்டர் தொழில்முறையில் கவலைப்பட்டு, தாடை பிடித்துக்கொண்டதா, கொஞ்சம் ஆ காட்டுங்கள் என்று பையிலிருந்து சின்ன டார்ச்சையே எடுத்துவிட்டார். அவள் வாயை இன்னும் இறுக மூடிக்கொண்டு தலையாட்டினாள். மேளம் அனாதையாக இரண்டு தட்டு தட்டி ஓய்ந்தது.

கீழே பையனோ முன்னைவிட மோசமாக ஆடினான். பந்து வந்தது, வாங்கினான், நின்றான், பறிகொடுத்தான். திரும்பத் திரும்ப அதே கதை. வலப்பக்கம் வருகிறவனை நர்ஸ் பார்க்கிறாள், ஸ்டாண்டே பார்க்கிறது, பையன் ஒருத்தன்தான் பார்க்கவில்லை. அவள் பல்லுக்கடியில் டாஃபி நொறுங்கியது. பாதியிலேயே பயிற்சியாளர் அவனை வெளியே கூப்பிட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பையனிடம் சந்தோஷம் தெரியும் என்று எதிர்பார்த்தாள். அவனோ கவலையாக இருந்தான். "இன்னைக்கு அந்தம்மா வரல அக்கா. உடம்புக்கு என்னமோ தெரியல. குரலை வச்சுப் பாத்தா எழுபது வயசாவது இருக்கும். இந்த வயசுல தனியா இருக்காங்களோ என்னவோ."

"எழுபதா?" என்று நர்ஸ் கிசுகிசுத்தாள். செய்தித்தாள் மறுபடி குலுங்கியது.

அவனுக்குப் பின்னால் பார்க்கத் தெரியவில்லை என்பதை எப்படியாவது சொல்லியாக வேண்டும். கால்பந்து தெரியாதவள் அதை எப்படிச் சொல்வாள். யோசித்து யோசித்து, மறுநாள் அவன் வாசலில் ஷூ மாட்டும்போது, தெருவைத் தாண்டுகிறபோது வலது இடது இரண்டு பக்கமும் பார்த்துப் போக வேண்டும், பின்னாலும் பார்க்க வேண்டும், முக்கியமாகப் பின்னால் என்று அழுத்திச் சொன்னாள். சரி அக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா என்று அவன் சிரித்துக்கொண்டே போனான். அடுத்த சனிக்கிழமையும் வலது இடது எதுவும் பார்க்காமலே அணி தோற்றது.

அன்று கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, பேசாமல் உண்மையைச் சொல்லிவிடு என்றார். அதிகாரி அம்மாள் பையனை வேறு வீட்டுக்கு மாற்றினால் மாற்றட்டும், இன்னும் ஒரு வாரம்தானே என்றார்.

"மாத்துறது பத்தி இல்லங்க," என்றாள் அவள். "சொன்னா, என் கையால சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் அவனுக்குத் தொண்டையில வந்து நிக்கும். என்னை நல்லவள்னு நம்பிட்டிருக்கான். அதை எப்படிங்க நானே புடுங்குவேன்?" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். ஜெயித்தால் இரண்டாம் பிரிவில் ஒட்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் மூன்றாம் பிரிவு. அங்கே ஆடுகிறவர்கள் காலையில் வேறு வேலைக்குப் போய்விட்டு மதியம் பூட்ஸ் மாட்டுகிறவர்கள். அன்று மட்டும் ஜனம் கொஞ்சம் கூடவே வந்திருந்தது. இழவு வீட்டுக்குக் கூட்டம் சேர்வது வழக்கம்தானே. பல் டாக்டர் நர்ஸிடம் கெஞ்சினார். இன்றைக்கு ஒரு நாள் வாயைத் திறங்கள், ஆயுளுக்கும் உங்கள் பல்லை இலவசமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் மஃப்ளரைக் கண் வரை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

யாருக்கும் கோல் விழவில்லை. பயிற்சியாளருக்குப் பையனை விட்டால் வேறு ஃபார்வர்டு இல்லை, ஒருவனுக்குக் கால் முறிவு, ஒருவனுக்குத் தடை. அதனால் அவன் மைதானத்தில் நின்றான். முதல் பாதி முழுக்கப் பறிகொடுத்தான். இரண்டாம் பாதியில் வடக்குக் கோல்பக்கம், நர்ஸுக்கு நேர் கீழே வந்தான். அங்கேயும் பறிகொடுத்தான். ஒட்டகப் பாட்டுகூட நின்றுபோயிற்று. ஒரு கிழவர் எழுந்து நின்று, டயர் கடைக்குப் போடா என்று கத்தினார். அவர் தற்செயலாகச் சொன்னதுதான். பையன் கூனிக்குறுகி நின்றதை நர்ஸ் மேலேயிருந்து பார்த்தாள்.

ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரம். நடுவிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. பையன் கோலுக்கு முதுகைக் காட்டி அதை வாங்கினான். எதிரணியின் மலை மாதிரி ஒருத்தன் அவனுக்கு வலப்பக்கம் பின்னாலிருந்து பாய்ந்துகொண்டிருந்தான். இடப்பக்கம் வெட்டவெளி. பையன் குனிந்து பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டாஃபி எங்கே போனது என்று நர்ஸுக்குத் தெரியாது. மஃப்ளர் கழன்று தொங்கியது. அடிவயிற்றிலிருந்து அது வந்தது.

"வலப்பக்கம் வர்றான் கண்ணு, இடப்பக்கம் திரும்பு!"

ஒட்டகம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கண்ணு என்று வந்துவிட்டது. தினமும் காலையில் எழுப்பும்போது சொல்லும் அதே கண்ணு, சைரன் சத்தத்தில்.

பையன் இடப்பக்கம் திரும்பினான். மலை அவனைத் தாண்டிப்போய் மூக்கு அடிபட விழுந்தது. எதிரே கோல்கீப்பர் ஒருவர்தான். பையன் அடிக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அவனோ அந்தக் கணத்தில் கோலைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து, வடக்கு ஸ்டாண்டின் மேல்வரிசையைப் பார்த்துக்கொண்டே ஓடினான். பந்து எங்கோ மேடு தட்டி எழும்பி அவன் முழங்காலில் பட்டது. கோல்கீப்பர் பாதத்துக்குக் காத்திருந்தார், முழங்காலுக்கு அல்ல. பந்து அவரைக் கடந்து, அவசரமே இல்லாமல் உருண்டு, உள்ளே போய்ச் சேர்ந்தது.

மைதானம் வெடித்தது. அணிக்காரர்கள் ஓடிவந்து பையன் மேல் விழுந்தார்கள். அவன் அவர்களை ஒவ்வொருத்தராக விலக்கிவிட்டு நேராக வடக்கு ஸ்டாண்டுக்குக் கீழே வந்து நின்று, கையை நீட்டி, விரலை மேல்வரிசை நோக்கிக் காட்டினான். காட்டினபடியே அசையாமல் நின்றான். ஆஹா, தன்னைத் திட்டியவளுக்கே கோலைக் காணிக்கையாக்குகிறான் பிள்ளை என்று ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பல் டாக்டர் அழுதுகொண்டே மேளம் அடித்தார். முன்வரிசையில் அதிகாரி அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். பிடிபட்ட திருடனைப் போலீசுக்குக் காட்டிக்கொடுக்கிற விரல் அது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

அந்த ஒரு கோலில் கிளப் இரண்டாம் பிரிவில் ஒட்டிக்கொண்டது. நர்ஸ் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். பையன் நேராகப் பெட்டி கட்டப் போவான் என்றுதான் நினைத்தாள். அவன் வந்தான். பையை வாசல் பக்கம் போட்டுவிட்டு மேசையில் உட்கார்ந்தான். முழங்காலால் அடித்தாலும் கோல் கோல்தானப்பா என்று கணவர் ஆரம்பித்துப் பார்த்தார். பதில் வராததால் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆனால் பக்கத்தைத் திருப்பவில்லை.

"ஒட்டகம்னு பேர் வச்சது யாரு அக்கா?"

"நான்தான்." கிசுகிசுப்பும் இல்லை, கூச்சலும் இல்லை. அந்த வீடு கேட்டிராத ஒரு நடுக்குரல்.

"உங்களைப் பத்தி உங்ககிட்டயே வந்து அழுதிருக்கேன். நீங்க முட்டை வச்சீங்க."

"ஆமா."

"ஏன் அக்கா?"

சமாதானம் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை, உள்ளதைச் சொன்னாள். "வார்டுல ஒரு பிள்ளைக்கு எடை ஏறலைன்னாலும், மூச்சு நின்னு நின்னு வந்தாலும் மெதுவாதான்பா பேசணும். வா, வந்துடு, விட்டுடாதேன்னு கத்தணும்போல இருக்கும். கத்த முடியாது. அதையெல்லாம் தூக்கிட்டு வந்து அங்க கத்துறேன். உன் தலையிலயும் கொட்டிட்டேன். தப்புதான்."

பையன் மேசையில் இருந்த சூப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பெரிய கிளப்பிலிருந்து போன் வந்ததாகச் சொன்னான். இத்தனை மாத ஆட்டமெல்லாம் பார்த்தார்களாம், திரும்பி ஆளை ஏமாற்றுவது நன்றாக வந்திருக்கிறது, புதுப் பருவத்துக்கு வந்துவிடு என்றார்களாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டானாம். டயர் கடை என்ன ஆவது என்று கணவர் செய்தித்தாளுக்குள்ளிருந்து கேட்டார். மாமா வேறு ஆள் பார்த்துக்கொள்வார் என்றான்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கரண்டியை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"திட்டினது வலிச்சுது அக்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா என்னைக் கெடுத்தது அது இல்ல. வலப்பக்கம் இடப்பக்கம்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அதுதான். யாரோ சொல்லுவாங்கன்னு நான் திரும்பிப் பாக்குறதையே விட்டுட்டேன். ரெண்டு வாரம் நீங்க வாயை மூடினதும் குருடன் ஆயிட்டேன். அங்க நாப்பதாயிரம் பேர் கத்துவாங்க. நீங்க வந்து உயிரைக் குடுத்துக் கத்தினாலும் என் காதுல விழாது."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. திட்டுதான் விஷம், தகவல்தான் மருந்து என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பையன் எழுந்து சோபாவைச் சுவரோரம் தள்ளினான். பையிலிருந்து பந்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். கூடத்தின் நடுவில் போய், அவளைப் பார்த்தபடி நின்றுகொண்டான். அங்கிளைப் பின்னாலிருந்து வரச் சொன்னான், எந்தப் பக்கம் என்று சொல்லாமல் வர வேண்டும். அக்கா பந்தை உருட்ட வேண்டும், வாயைத் திறக்கவே கூடாது.

கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டைக்குக் கிளம்பினார். டிக்கெட் இல்லாதவர்களைப் பெட்டி பெட்டியாகத் துரத்திப் பிடித்த மனிதர், பூனை நடை இன்னும் மறக்கவில்லை. நர்ஸ் பந்தை உருட்டினாள். அவர் இடப்பக்கம் வந்தார். அவளுக்கு அது பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. சொல்ல வந்தது தொண்டை வரை வந்து முட்டியது. விழுங்கினாள். பையன் குனிந்து பந்தைப் பார்த்தான், அவர் காலை நீட்டித் தட்டிக்கொண்டு போனார். போனவர் கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, முதல் பிரிவுக்கு நானே போகலாம் போலிருக்கிறதே என்றார்.

மறுபடி. இந்தத் தடவை வலப்பக்கம். அதற்கும் மாட்டினான். நர்ஸ் இன்னும் கழுத்திலேயே கிடந்த மஃப்ளரின் நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். மறுபடியும், அதற்குப் பிறகும் அப்படியே போயிற்று. மாடிக்குடித்தனக்காரர் தரையைத் தட்டினார், அந்த வீட்டில் ஆள் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு தடவை, பந்து பாதி தூரம் வருவதற்குள் பையனின் தலை தானாகத் திரும்பியது. தோளுக்கு மேல் ஒரு பார்வை, கண் இமைக்கும் நேரம்தான். பாய்ந்து வந்த கணவர் வெறும் காற்றைப் பிடித்து சோபாவில் குப்புற விழுந்தார். பையன் மறுபக்கம் திரும்பி, பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் முகம் பூரா சிரிப்பு.

"பாத்தீங்களா அக்கா, நானே பாத்தேன்."

அவள் மஃப்ளருக்குள்ளிருந்து தலையாட்டினாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை வரவில்லை. அவளுக்கு இங்கே இனிச் சொல்ல எதுவும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சந்தோஷமும் பட்டாள். ஆனாலும் மகளைப் பெட்டியோடு வண்டி ஏற்றிவிட்ட அன்றுகூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை.

இன்னும் ஒரு தடவை என்றான் பையன். கணவர் முனகிக்கொண்டே சோபாவிலிருந்து எழுந்து, அவன் முதுகுப்பக்கம் போனார். நர்ஸ் பந்தைக் குனிந்து எடுத்தாள். அவர் எந்தப் பக்கம் வருகிறார் என்று பார்த்துக்கொண்டே, வாயை மூடியபடி அதை உருட்டிவிட்டாள்.